செத்துப் போகாத போர்டு

பீர்க்கன்கரணை
8-6-2025

மதிப்புள்ள சிங் சாருக்கு,

சேட்டு எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. சுவரில் பைப் பதிக்கும்போது நூல் பிடித்துக் கோடு அடிப்பேன், நேராக வரும். காகிதத்தில் எங்கே நூல் பிடிப்பது? பேனாவை இறுக்கிப் பிடித்து விரல் மரத்துப் போகிறது. இதுவரை எழுத முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

யாரும் எழுதித் தரவில்லை. நானேதான் எழுதுகிறேன். ஜனவரி மாதத்திலிருந்து இங்கே பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடக்கிறது. கிறிஸ்டினா டீச்சர் சொல்லித் தருகிறார். பதினாலு பேர் இருக்கிறோம். ஆம்பிளை நான் ஒருத்தன்தான். முதல் நாள் சிலேட்டோடு கிளம்பியபோது என் சம்சாரம் எல்லம்மா, "இன்னாய்யா, கலெக்டர் ஆவப் போறியா?" என்று தெரு கேட்கச் சிரித்தாள். இப்போது பால் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். போதும் நிறுத்து என்கிறாள். நிறுத்த முடியவில்லை சார். ரயிலில் போனால் ஸ்டேஷன் பெயரை எல்லாம் வாய்விட்டுப் படிக்கிறேன். ஊரப்பாக்கம் என்பதில் எத்தனை எழுத்து பாருங்கள்!

ஆமாம் சார். அறுபத்தொன்பது வயது வரைக்கும் எனக்குப் படிக்கத் தெரியாது. சிட்லபாக்கத்தில் உங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்த நாளிலிருந்து இருபத்தேழு வருஷப் பழக்கம். உங்களுக்கு இது தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் உங்கள் தங்கை அமலராணி அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் மகள் சினேகா பாப்பாவுக்கு இடம் அமைந்துவிட்டதாம். ஜூலை இருபது, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். "அண்ணன்கிட்ட பேசுறீங்களா?" என்று கேட்டார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பஸ் வந்துவிட்டது என்று சொல்லி ஓடி வந்துவிட்டேன். பஸ் ஒன்றும் வரவில்லை.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எட்டு மாதமாக நீங்கள் கூப்பிட்டபோது எல்லாம் நான் எடுக்கவில்லை. எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இன்றைக்கு அதுவும் வரவில்லை. எழுத்து தெரியாமல் இல்லை.

வீட்டில் ரத்தினபாய் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சேட்டு

*

நாகர்கோவில்
14-6-2025

அன்புள்ள சேட்டு அண்ணா,

உங்கள் கடிதத்தை நான் இரண்டு தரம் படித்தேன். ரத்தினபாய் வாங்கி ஒரு தரம் படித்தாள். "நம்ம சேட்டண்ணனா எழுதினது!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் அண்ணன் வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள்.

என்னால் நம்பவே முடியவில்லை. கடை பில்லைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழே பார்த்து, தலையை ஆட்டி, "சரியா கீது சார்" என்று சொல்வீர்களே, அது என்ன? எத்தனை தரம் நான் எழுதித் தந்த பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்கள்! நான் கவர்ன்மெண்ட் ஆபீசில் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு பார்த்தவன். எதிரில் இருந்த மனிதனைப் பார்க்கவில்லை போல.

சினேகாவின் நிச்சயம் உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரிகிறது. தாய்மாமன் நான். மாமன் சேலை எடுத்து வந்து போட வேண்டியவன். எனக்குத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து செய்தி வருகிறது. சரி.

நான் என்ன செய்தேன் என்று அமலராணி நினைக்கிறாள்? சர்ச் பண்டிகைக்காக நாம் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டுப் பெட்டிக்கு, அவள் புருஷன் பிரிட்டோவின் எலக்ட்ரிக் கடையில் வாங்கிய போர்டு. நானே தேடித் தேடித் தேர்ந்தெடுத்தது. பழைய கீபோர்டைப் பிரித்துப் போட்டால் போதும் என்று நீங்கள்கூட அப்போது சொன்னீர்கள். நான் வேண்டாம் என்றேன். கீபோர்டுக்குள் இருக்கும் தகட்டில் பல கீக்கள் ஒரே கம்பியைப் பங்கு போட்டுக்கொள்ளும். மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கினால் அமுக்காத நாலாவதும் அமுங்கியதாகக் கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். இரண்டு பேர் எதிர்எதிராக நின்று சண்டை போடுகிற விளையாட்டுக்கு அது ஆகாது. ஆகவேதான் ஒவ்வொரு பட்டனுக்கும் தனிக் கால் உள்ள என்கோடர் போர்டு வேண்டும் என்று பிரிட்டோவிடம் சொல்லி வரவழைத்தேன். அவன் தந்தது செத்த போர்டு. கடைசியில் கீபோர்டைத்தான் பிரிக்க வேண்டி வந்தது. அறுப்பின் பண்டிகை அன்றைக்கு முழுச் சபைக்கும் முன்னால் என்ன நடந்தது என்று நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். இவன் குத்தினால் அவன் விழுவதற்குப் பதில் விளையாட்டே மூடிக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். சர்ச் ஐயர் வீட்டு அம்மா வந்து, "பரவாயில்லை பிரதர், அடுத்த வருஷம் பலூன் சுடுற ஸ்டால் போடுங்க" என்று ஆறுதல் சொன்னார்கள்.

போர்டு செத்துவிட்டது என்று பிரிட்டோவிடம் போய்ச் சொன்னால், "காட்டு பாப்போம்" என்கிறான். குப்பைக்குப் போனதை எப்படிக் காட்டுவேன்? அதற்குப் பிறகு நான் பேசியது பேசியதுதான்.

நீங்கள் சொல்ல வந்தது என்ன? எழுதுங்கள். மெதுவாகவே எழுதுங்கள்.

சுந்தர்சிங்

*

பீர்க்கன்கரணை
20-6-2025

மதிப்புள்ள சிங் சாருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். மூன்று காகிதம் கிழித்துவிட்டேன். முதல் காகிதத்தில் என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதியிருந்தது.

போர்டு செத்துப் போகவில்லை சார்.

குப்பையிலும் போடவில்லை. என் டூல் பையில், டேப் சுருளுக்குக் கீழே, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போர்டையும் இரண்டு தாளையும் என் கையில் கொடுத்தீர்கள். எந்தக் காலில் எந்தப் பட்டன் என்று அழகாக எழுதி, "எல்லாம் இதில் இருக்கு, பாத்துப் போட்டுருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு வீட்டு ஒயரிங்கில் யாரும் தாள் கொடுத்ததில்லை. சுவரில் சாக்பீசால் ஃபேனுக்கு வட்டம், லைட்டுக்குப் பெருக்கல் குறி என்று நானே போட்டுக்கொள்வேன். சாமான் வாங்கப் போனால் பழைய துண்டு வயரைக் கொண்டுபோய் இது மாதிரி கொடு என்பேன். அதிலேயே காலம் போய்விட்டது. இந்தப் போர்டில் ஓரமாக வரிசையாகக் கால். இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒன்று போலவே இருக்கிறது. தாளைத் தலைகீழாகப் பிடித்தேனா நேராகப் பிடித்தேனா என்றுகூடத் தெரியவில்லை.

முதல் நாள் நாளைக்கு என்றேன். இரண்டாம் நாளும் நாளைக்கு என்றேன். மூன்றாம் நாள் நீங்கள் வந்து நின்றீர்கள். "எனக்குப் படிக்கத் தெரியாது சார்" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போர்டு செத்துப் போச்சு சார், சூடு ஆவுது, லைட்டே வரலை" என்று வந்துவிட்டது. ஒரு வயரைக்கூட நான் அதில் சொருகிப் பார்க்கவில்லை.

பழைய கீபோர்டு என்றால் எனக்கு எழுத்து வேண்டாம். தகட்டில் இரண்டு புள்ளியை வயரால் தொட்டால் திரையில் ஒரு உருவம் வரும். கீ மேலே உள்ள உருவமும் அதுவும் ஒன்றா என்று பார்த்தால் போதும். அப்படித்தான் ஜாய்ஸ்டிக்கின் திசைகளையும் சேர்த்து இருபதையும் கண்டுபிடித்தேன். நீங்கள் "சேட்டண்ணன் கைக்கு என்ன தெரியாது!" என்று தட்டிக்கொடுத்தீர்கள்.

போர்டைத் திருப்பிக் கொடுக்கக் கேட்டீர்களே, அப்போது குப்பையில் போட்டுவிட்டேன் என்றேன். அது இரண்டாவது பொய். திருப்பிக் கொடுத்தால் பிரிட்டோ சார் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் கடையில் போய்ச் சத்தம் போட்டதை அடுத்த நாள் காலையில் குப்பன் வந்து சொன்னான். குப்பனைத் தெரியும்தானே, என்னைப்போல் ஒயர்மேன், அந்தக் கடையிலேயே கிடப்பான். நீங்கள் சொன்ன வார்த்தையை எல்லாம் அப்படியே நடித்துக் காட்டினான். நான் சிரித்தேன் சார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மே மாதம் வாசிப்பு கொஞ்சம் வந்ததும் உங்கள் தாளை எடுத்துப் படித்தேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. கடைசி வரி இது: "எல்லா பட்டனின் இரண்டாவது காலையும் ஒரே கறுப்பு வயரில் கோத்துக் கடைசிக் காலில் கொடுங்கள். நீங்கள் நியூட்ரல் இழுப்பது போலத்தான் அண்ணா."

நியூட்ரல்! எல்லா லைட்டுக்கும் பொதுவாக ஓடும் ஒரே வயர். நாற்பத்தைந்து வருஷமாக அதைத்தானே சார் இழுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லம்மா வந்து, "இன்னா, யாரு செத்தாங்க?" என்று கேட்டாள்.

இப்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். பார்க்காமல் இருப்பதற்காகத்தான் எழுதினேன். அதுவும் கோழைத்தனம்தான்.

சேட்டு

*

நாகர்கோவில்
26-6-2025

சேட்டு அவர்களுக்கு,

போன் செய்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

எட்டு மாதம். என் தங்கை எட்டு மாதமாக என்னோடு பேசவில்லை. கிறிஸ்துமஸ் வந்தது, ஈஸ்டர் வந்தது. சிட்லபாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே அண்ணன் வீட்டு மாடியில் வந்து உட்கார்ந்திருக்கிறேன். ரத்தினபாய் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "ஊருக்குப் போவோமா?" என்று கேட்கிறாள். எல்லாம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்க வெட்கப்பட்டதால்.

படிக்கத் தெரியாதது குற்றம் இல்லை. அதை நீங்கள் சொல்லியிருந்தால் நானே பக்கத்தில் உட்கார்ந்து இது ஒன்று, இது இரண்டு என்று விரல் வைத்துக் காட்டியிருப்பேன்.

எனக்கு எழுதியது உங்களுக்குச் சுலபம். நான் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன். போர்டை எடுத்துக்கொண்டு பிரிட்டோ கடைக்குப் போங்கள். ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். நான் எல்லோரும் இருக்கும்போதுதான் அவனைத் திட்டினேன்.

சுந்தர்சிங்

*

பீர்க்கன்கரணை
2-7-2025

மதிப்புள்ள சிங் சாருக்கு,

நீங்கள் 'அண்ணா' என்று எழுதவில்லை. அந்த இடத்தைத்தான் முதலில் படித்தேன்.

போனேன் சார். திங்கட்கிழமை சாயங்காலம். கடை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே நாலைந்து பேர். குப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "வா மேஸ்திரி, வா" என்றான். அங்கே எல்லோரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த பில்டிங்கில் என்ன பழுது என்றாலும் என்னைக் கேட்டுத்தான் சாமான் வாங்குவார்கள். அந்தப் பெயர் போய்விடும் என்று காலை எடுத்து வைக்க முடியவில்லை. இன்சுலேஷன் டேப் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஆறு இருக்கிறது.

ஆனால் வேறொன்று செய்தேன். உங்கள் விளையாட்டுப் பெட்டி என் வீட்டில்தானே கிடக்கிறது. கீபோர்டுத் தகட்டைப் பிடுங்கிப் போட்டேன். உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, போர்டில் போட்டேன். இடது ஓரத்திலிருந்து முதல் கால், மேல். இரண்டாவது கால், கீழ். ஒரு வரி படிப்பேன், ஒரு வயர் சொருகுவேன். பட்டன்களுக்கு எல்லாம் ஒரே கறுப்பு வயர், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, நியூட்ரல் போல. இரண்டு ஜாய்ஸ்டிக், பன்னிரண்டு பட்டன், ஒரு நாளில் முடிந்தது. கிறிஸ்டினா டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டினோம். டீச்சரும் நானும் இரண்டு பக்கமும் நின்று பத்து விரலாலும் அமுக்கினோம். ஒன்றும் மூடிக்கொள்ளவில்லை. அமுக்கியது மட்டும் வந்தது. அமுக்காதது வரவில்லை. டீச்சர் என்னை எட்டுத் தரம் அடித்துப் போட்டார்கள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் சந்தோஷம் போய்விட்டது. இவ்வளவு சுலபமான வேலைக்கா ஒரு குடும்பத்தைப் பிரித்தேன்?

நான் பிரிட்டோ சாருக்குக் கடிதம் எழுதினால் போதாதா? யோசித்துச் சொல்லுங்கள்.

சேட்டு

*

நாகர்கோவில்
7-7-2025

அன்புள்ள சேட்டு அண்ணா,

போதாது.

ஆனால் உங்களைப் போகச் சொல்லி எழுதிய பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். குப்பன் நடித்துக் காட்டினான் என்றீர்களே, அவன் எதை நடித்தான் என்று எனக்குத் தெரியும். போர்டைப் பற்றி நான் ஒரு நிமிஷம்தான் பேசினேன். மிச்சம் எல்லாம் வேறு. "உனக்குப் போய் என் தங்கச்சியைக் கட்டிக் குடுத்தேனே" என்றேன். அவன் அப்பா ஸ்டேஷன் வாசலில் குடை ரிப்பேர் பார்த்தவர். அதையும் சொன்னேன். அமலராணி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்காமல் பில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

அவளும் பிரிட்டோவும் கல்யாணம் செய்துகொண்டு இருபத்தாறு வருஷம். அவன் ஆர்.சி., நாங்கள் சி.எஸ்.ஐ., சபையே வேறு. அப்போது வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். நான் ஒருத்தன்தான் அவனுக்காகப் பேசினேன். அந்தப் பெருமையை இருபத்தாறு வருஷம் மனசில் வைத்திருந்து, செத்துப் போகாத ஒரு போர்டுக்காக அவன் முகத்தில் எறிந்திருக்கிறேன்.

போர்டு நன்றாக இருந்தது என்று உங்கள் கடிதத்தில் படித்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. எல்லாப் பழியும் சேட்டு தலையில் போய்விடும் என்று. அதுதான் என் லட்சணம்.

நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் நான் இனிமேல் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சுந்தர்சிங்

*

பீர்க்கன்கரணை
12-7-2025

மதிப்புள்ள சிங் சாருக்கு,

நேற்று போய்விட்டு வந்தேன். உங்கள் கடிதம் காலையில் வந்தது. கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் போகாமல் இருக்க முடியவில்லை.

ஆறு மணி. கடையில் நல்ல கூட்டம். குப்பனும் இருந்தான், அவன் இல்லாமல் கடை ஏது? பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தேன். அமலராணி அம்மா கல்லாவில் இருந்தார்கள்.

"பிரிட்டோ சார், இந்த போர்டு செத்துப் போவலை. நான்தான் பொய் சொன்னேன்."

"எந்த போர்டு?" என்றார், தெரியாத மாதிரி. முகம் மட்டும் கறுத்துப் போயிற்று.

"எனக்கு அப்போ படிக்கத் தெரியாது. சிங் சார் எழுதிக் குடுத்ததைப் படிக்க முடியலை. கேக்க வெக்கம். செத்துப் போச்சுன்னு சொல்லிட்டேன்."

நான் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தேன். அது நான் மாட்டிய ஃபேன். குப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அப்ப மேஸ்திரி, என் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை குடுத்தேனே, அதை இன்னா பண்ணே?"

"எல்லம்மாகிட்ட குடுத்தேன். அவளுக்கும் தெரியாது. பக்கத்து வூட்டுப் பையனைக் கேட்டோம்."

"அதான் ஒரு நாள் கழிச்சு மொய்க் கவரோட வந்து நின்னியா! மண்டபத்துல பந்தல் பிரிச்சிகினு இருந்தானுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்தது, அது எதற்கு என்று தெரியவில்லை. சிரித்து முடித்ததும் ஒரு ஆள் என்னிடம், "மேஸ்திரி, மூணு பேஸ் மோட்டாருக்கு எந்த ஸ்டார்ட்டர் போடலாம்?" என்று கேட்டான். அவ்வளவுதான் சார். நாற்பத்தைந்து வருஷம் பயந்தது அவ்வளவுதான்.

பிரிட்டோ சார் சிரிக்கவில்லை. பெட்டியைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். எல்லாம் வந்தது. அடியில் திறந்து கறுப்பு வயரைப் பார்த்தார். "நீட்டா கோத்திருக்கீங்க" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"டெஸ்ட் பண்ணாம நான் எதையும் குடுக்க மாட்டேன் மேஸ்திரி. போர்டு நல்ல போர்டுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்க வந்து சொன்னீங்க, சந்தோசம். ஆனா மச்சான் போர்டைப் பத்தியா பேசினாரு? எங்கப்பா வரைக்கும் போனாரு. அதை நீங்க வந்து சரி பண்ண முடியாது."

"அவரும் வெக்கப்படறாரு சார்" என்றேன். நீங்கள் என்னிடம் மட்டும் என்று எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வெக்கப்படறவரு நாகர்கோவில்ல உக்காந்துகிட்டுப் படட்டும். இங்கதான் சொன்னாரு, இங்கதான் வரணும். நிச்சயத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, இதே ஆறு மணி. கூட்டம் இருக்கறப்போ."

நான் கிளம்பினேன். வெளியே படியில் அமலராணி அம்மா ஓடி வந்து நிறுத்தினார்கள். கையில் நிச்சயப் பத்திரிகையும் பேனாவும்.

"பேரை நீங்க எழுதுங்கண்ணா."

"நானா? என் எழுத்தா?"

"நான் எழுதினா இவரு, அதுக்குள்ள என்ன அவசரம்னு கேப்பாரு. இவரு எழுதினா அண்ணன், தான் ஜெயிச்சதா நினைச்சுக்கும். நீங்கதான் ரெண்டு பேருக்கும் பொது."

கடைப் படியிலேயே உட்கார்ந்து முழங்காலில் வைத்து எழுதினேன். 'திரு. சுந்தர்சிங்' என்று முடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் தெரியவில்லை. தலையை நிமிர்த்தினால் பிரிட்டோ சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அமலராணி அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் பேனாவை மூடினேன்.

"மூடாதீங்க மேஸ்திரி" என்றார். "குடும்பத்துடன்னு சேத்துக்கோங்க."

அதையும் எழுதினேன். பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன்.

பெட்டி கடையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் வாசலில் நிற்பேன். குப்பனும் வருவான், வர வேண்டாம் என்று அவனிடம் சொல்ல முடியாது. நீங்கள் உள்ளே போகும்போது நான் கூட வர மாட்டேன் சார். நான் போனபோதும் யாரும் கூட வரவில்லை, தனியாகப் போனால்தான் முடிகிறது. நீங்கள் வெளியே வரும்போது அங்கேயே இருப்பேன். ரத்தினபாய் அம்மாவையும் கூட்டி வாருங்கள். சிட்லபாக்கத்து வீட்டில் மெயினைப் போட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று வெள்ளிக்கிழமையே போய்ப் பார்த்துவிடுகிறேன், சாவி என்னிடம்தானே இருக்கிறது.

அடுத்த வாரம் மறுபடியும் எழுதுகிறேன். நீங்கள் அதற்குள் சிட்லபாக்கம் வந்துவிட்டாலும் எழுதுவேன். பஸ்ஸில் அரை மணிதான், ஆனாலும் தபாலில்தான் போடுவேன்.

சேட்டு